தொலைந்து திரும்பிய பென் டிரைவும் எழுபது கடைகளின் கணக்கும்

பழைய வண்ணாரப்பேட்டையில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்தும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக்காரர்கள், காசிமேட்டில் படகு உதிரிபாகம் விற்பவர்கள், சௌகார்பேட்டை மொத்த வியாபாரிகள் என்று ஏறத்தாழ எழுபது பேருக்கு ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து தருகிறார். அலுவலகத்திலும் காலடிப்பேட்டை வீட்டிலும் மாறி மாறி வேலை பார்ப்பதால், எல்லாக் கோப்புகளையும் ஒரே பென் டிரைவில் வைத்துக்கொண்டு போய்வருவது அவர் வழக்கம். அதில் ஆதார், பான் நகல்கள் இருந்தன, வங்கி அறிக்கைகள் இருந்தன. போதாக்குறைக்கு, வாடிக்கையாளர்கள் அனைவரின் ஜிஎஸ்டி தளக் கடவுச்சொற்களும் ஓர் எக்செல் கோப்பில் இருந்தன. சென்ற மாதம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அந்தச் சிறிய பை நழுவிவிட்டது. மூன்றாம் நாள், பைக்குள் இருந்த விசிட்டிங் கார்டைப் பார்த்து ஓட்டுநரே அலுவலகத்துக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

"அதுதான் வந்துவிட்டதே, இதைப் போய் ஊரெல்லாம் சொல்லாதே" என்கிறார் கணவர். கல்லூரியில் படிக்கும் கொழுந்தனார் மகன் ஒரு 'ஃபோல்டர் லாக்' போட்டுக் கொடுத்திருக்கிறான். சௌகார்பேட்டை வாடிக்கையாளர் ஒருவரோ, "அதிகாரி வந்தாலும் திறக்க முடியாதபடி பூட்டி வையுங்கள்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். வாசகியின் கேள்விகள் இவை: பென் டிரைவை முழுதாகப் பூட்டுவது சட்டப்படி குற்றமா? எந்த முறை நல்லது? கடவுச்சொல் மறந்துவிட்டால் கடையில் திறந்து தருவார்களா? வாடிக்கையாளர்களிடம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? அடுத்த மாதம் வேலையிலிருந்து விலகும் உதவியாளருக்குக் கடவுச்சொல் தெரியுமே, என்ன செய்வது? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் திறப்பார்கள்?

சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். புதிய பென் டிரைவை அடுத்த வாரம்கூட வாங்கலாம். பழையதால் ஏற்பட்டிருக்கும் ஆபத்தை இன்றே கவனிக்க வேண்டும்.

முதலில், அந்த மூன்று நாட்கள்

ஓட்டுநர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பை அவர் கைக்கு வருவதற்கு முன் எத்தனை பயணிகள் அந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள் என்பது அவருக்கே தெரியாது. பென் டிரைவிலிருந்து ஒருவர் கோப்புகளை நகலெடுத்தால் அதில் நம்பத்தக்க தடயம் தங்காது. ஆகவே பொருள் திரும்பிவிட்டது, தகவல் வெளியே போயிருக்கலாம் என்று கொண்டுதான் நடக்க வேண்டும்.

எக்செல் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கோப்பைத் திறக்கும்போதே கேட்கும் கடவுச்சொல்லா, அல்லது தாளைத் திருத்தவிடாமல் தடுக்கும் 'புரொடெக்ட் ஷீட்' வகையா என்று பாருங்கள். இரண்டாவது வகை, உள்ளே இருப்பதைப் படிப்பதைத் தடுக்காது. பிடிஎஃப் கோப்புகளுக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நினைத்தும் ஆறுதல் அடைய வேண்டாம். தரவிறக்கிய ஆதார் கோப்பு, பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தால் திறக்கும். வருமான வரித் தளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு பான் எண்ணும் பிறந்த தேதியுமே கடவுச்சொல். இந்த விவரங்கள் அனைத்தும் அதே பென் டிரைவில் பான் அட்டை நகலிலேயே அச்சாகியிருக்கின்றன.

எழுபது பேரின் ஜிஎஸ்டி, வருமான வரித் தளக் கடவுச்சொற்களையும் மாற்றுவதுதான் முதல் வேலை. அடுத்து, ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடும் வசதியில் ஒவ்வொருவர் பெயரிலும் அவர்கள் அறியாத பதிவு ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறர் பான் எண்ணில் போலி நிறுவனம் பதிவு செய்வது இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதைச் சில மாதங்களுக்கு அவ்வப்போது எடுத்துப் பார்க்கும்படி வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கும் வசதியும் இருக்கிறது.

வாடிக்கையாளர்களிடம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா என்றால், ஆம், சொல்லத்தான் வேண்டும். உங்கள் கணவரின் தயக்கம் புரிகிறது. தொழிலில் பெயர்தான் முதல். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43ஏ, கடவுச்சொல், நிதி விவரம் போன்ற அந்தரங்கத் தகவல்களைக் கையாள்வோர் தக்க பாதுகாப்பின்றி அலட்சியமாக இருந்து பிறருக்கு நட்டம் விளைந்தால் இழப்பீடு தரச் சொல்கிறது. அந்தப் பிரிவு பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். தனி உரிமையாளர் நடத்தும் அலுவலகமும் அதில் அடக்கம் என்று விளக்கத்திலேயே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பது அதில் கட்டாயக் கடமை. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கான அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அந்தத் தொகை உங்களைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனாலும் சட்டம் போகும் திசையை அது காட்டுகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு துணிக்கடைக்காரருக்கு அவர் வாங்காத கடனுக்கு நோட்டீஸ் வந்து, அப்போது அவருக்கு இது தெரியவந்தால், நீங்கள் மறைத்தது தொலைத்ததைவிடப் பெரிய குற்றமாகப் பேசப்படும்.

வளவளவென்று மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில் அலுவலகப் பென் டிரைவ் ஒன்று மூன்று நாள் தவறிப்போய்த் திரும்பக் கிடைத்தது. அதில் உங்கள் பான், ஆதார் நகல்கள் இருந்தன. தளக் கடவுச்சொற்களை மாற்றிவிட்டோம். அறிமுகமில்லாத ஓடிபியோ கடன் தொடர்பான அழைப்போ வந்தால் உடனே என்னிடம் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்." இவ்வளவு போதும். காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த தேதிக்கு அது ஆதாரம்.

இப்போது இருப்பது பூட்டு அல்ல

உறவுப் பையனை நான் குறைசொல்லவில்லை. யூடியூபில் பரவலாகக் கிடைக்கும் ஒரு சிறு நிரலைத்தான் அவன் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன். அது கோப்புறையின் பெயரை மாற்றி, கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கிறது, அவ்வளவே. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் ஓர் அமைப்பை மாற்றினால் எல்லாம் தெரியும். வாசலில் கதவு வைக்காமல் திரைச்சீலை தொங்கவிட்டதுபோல் அது. ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் போடுவது இதைவிட மேல்தான். ஆனால் பழைய ஜிப் முறை பலவீனமானது. உள்ளடக்கம் பூட்டியிருந்தாலும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். நீங்களோ ஒவ்வொரு கோப்புக்கும் வாடிக்கையாளரின் பெயரையும் பான் எண்ணையும்தான் பெயராக வைக்கிறீர்கள்.

உங்களுக்கு வேண்டியது குறியாக்கம். கடவுச்சொல் இல்லாதவருக்குப் பென் டிரைவில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தும் பொருளற்ற குப்பையாகவே தெரியும்படி உள்ளடக்கத்தையே மாற்றிவைக்கும் முறை அது.

எதைத் தேர்ந்தெடுப்பது

அலுவலகக் கணினியில் விண்டோஸ் 11 புரோ, வீட்டு மடிக்கணினியில் விண்டோஸ் ஹோம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தேர்வு எளிது. விண்டோஸிலேயே இருக்கும் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதி போதும். ஹோம் பதிப்பில் பென் டிரைவைப் புதிதாகப் பூட்ட முடியாது, பூட்டியதைக் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து வேலை செய்ய முடியும். அலுவலகத்தில் பூட்டுங்கள், வீட்டில் திறந்துகொள்ளுங்கள். அலுவலகத்து விண்டோஸ் உரிமம் பெற்றதுதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். கணினியைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் சிலர், உரிமம் இல்லாத விண்டோஸை ஓடவைக்கப் போட்டுவிடும் 'ஆக்டிவேட்டர்' மென்பொருள் உள்ளே இருந்தால், பென் டிரைவை எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும் உங்கள் கணினியே உளவாளியாகிவிடலாம்.

வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளும் மிக நல்லது. 2014இல் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளின் வாரிசு அது. மேக், லினக்ஸ் கணினிகளிலும் ஓடும். ஆனால் திறக்கும் ஒவ்வொரு கணினியிலும் அந்த மென்பொருளும் நிர்வாகி உரிமையும் வேண்டும். கடவுச்சொல் மறந்தால் மீட்புக்கு வழியே கிடையாது. இரண்டு கணினியும் விண்டோஸாக இருக்கும் உங்களுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை என்பது என் கருத்து.

மூன்றாவது, பென் டிரைவிலேயே எண் பொத்தான்கள் வைத்து, குறியாக்கத்தையும் அதற்குள்ளேயே செய்யும் விலை உயர்ந்த வகை. எந்தக் கணினியிலும் மென்பொருள் இல்லாமல் வேலை செய்யும். இந்த வகையில் பல, பத்துமுறை தவறான கடவுச்சொல் கொடுத்தால் உள்ளே இருப்பதை மீட்க முடியாதபடி அழித்துக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோவில் வாழும் ஸ்டெஃபான் தாமஸ் என்ற நிரலாளர் 7,002 பிட்காயின்களின் திறவுகோலை இப்படித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஒரு டிரைவில் வைத்து, கடவுச்சொல் எழுதிய தாளைத் தொலைத்துவிட்டார். 2021இல் அந்தச் செய்தி உலகெங்கும் வந்தபோது, பத்து வாய்ப்புகளில் எட்டு தீர்ந்திருந்தன. விலை கொடுத்து வாங்குவதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2010இல், அமெரிக்க அரசுத் தரச்சான்று பெற்ற சில டிரைவ்களில் கடவுச்சொல் சரியா என்று பார்க்கும் வேலையைக் கணினியில் ஓடும் மென்பொருளே செய்ததால், அதை ஏமாற்றித் திறந்துவிடலாம் என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

எதுவாயினும், பில் தரும் கடையில் வாங்குங்கள். பர்மா பஜார் நடைபாதையில் வியக்கத்தக்க விலைக்குக் கிடைக்கும் 'ஒரு டெராபைட்' பென் டிரைவ் ஆயிரம் பாட்டு கேட்க உதவலாம், எழுபது கடைகளின் கணக்குக்கு ஆகாது. போலிக் கொள்ளளவு டிரைவ், நிரம்பியபின் எழுதுவதையெல்லாம் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

பூட்டும் முறை இதுதான். புதிய காலி பென் டிரைவைச் செருகி, அதன் பெயர்மேல் வலது கிளிக் செய்து 'டர்ன் ஆன் பிட்லாக்கர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் கொடுத்ததும் 48 இலக்க மீட்பு எண்ணை எங்கே சேமிப்பது என்று கேட்கும். அச்சிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கும் வழியும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்கிறதா, கணினியை அமைத்துக் கொடுத்தவரின் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் குளறுபடி சிறு அலுவலகங்களில் சாதாரணம். பிறகு 'முழு டிரைவையும்' என்பதையும், வேறு கணினிகளில் பயன்படுத்துவதற்கான 'கம்பாட்டிபிள் மோட்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். மெதுவான டிரைவ் என்றால் நெடுநேரம் ஆகும். முடியும்வரை பிடுங்காதீர்கள். முடிந்ததும் வீட்டு மடிக்கணினியில் செருகி, ஒருமுறை கடவுச்சொல்லாலும் ஒருமுறை மீட்பு எண்ணாலும் திறந்து பாருங்கள். அதன்பிறகுதான் கோப்புகளை ஏற்ற வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: எழுபது பேரின் மொத்தமும் உங்களோடு ஆட்டோவில் வர வேண்டுமா? அந்த வாரம் வேலை இருக்கும் பத்துப் பேரின் கோப்பு போதாதா?

கடவுச்சொல்லும் உறையும்

மறந்துவிட்டால் எந்தக் கடையிலும் திறந்து தர மாட்டார்கள், தர முடியாது. ரிச்சி தெருவில் யாராவது திறந்து தருகிறேன் என்றால், டிரைவை வெறுமையாக்கி மறுபடி பயன்படுத்தும்படி செய்துதருவதைத்தான் சொல்கிறார். அழிந்த கோப்பை மீட்டவர்கள் இதையும் மீட்பார்கள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆகவே ஒரே பிரதியை மட்டும் பூட்டி வைப்பது தற்கொலைக்குச் சமம். இன்னொரு பூட்டிய பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். உங்கள் அலுவலகம் தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னைத் தரைத்தளங்கள் என்ன ஆயின என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு மாடியில் ஒரு பிரதி வையுங்கள்.

கடவுச்சொல்லில் கடைப் பெயர், வண்டி எண், பிள்ளையின் பிறந்தநாள் வேண்டாம். 2022 ஜூனில் ஜப்பானின் அமகசாகி நகரில் ஓர் ஒப்பந்த ஊழியர், சுமார் 4,60,000 பேரின் விவரங்கள் அடங்கிய பென் டிரைவைப் பையோடு தொலைத்தார். வேலை முடிந்து குடித்துவிட்டுத் தெருவில் உறங்கிப்போனதால் வந்த வினை. டிரைவ் நல்லவேளையாகப் பூட்டியிருந்தது. ஆனால் அதிகாரி செய்தியாளர்களிடம், கடவுச்சொல் 13 இடங்கள் கொண்டது, எழுத்தும் எண்ணும் கலந்தது என்று சொல்லிவிட்டார். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஆண்டைச் சேர்த்தால் சரியாக 13 வருகிறதே என்று இணையத்தில் ஊகம் பறந்தது. நம்மூரிலும் பாதிக் கடவுச்சொற்கள் இந்த ரகம்தான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை, உதாரணமாக நுங்கு, தண்டவாளம், மருதாணி, கொடாப்பு, வியாழன் என்பதுபோல், ஆங்கில எழுத்துகளில் அடித்து வையுங்கள். இந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ் எழுத்துகளில் வைத்தால், தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில் மாட்டிக்கொள்வீர்கள்.

உங்களுக்கு ஏதாவது ஆனால் என்ற கேள்விக்குப் பதில் மிகப் பழைய முறைதான். அச்சிட்ட 48 இலக்க எண்ணையும், எந்த டிரைவுக்கு உரியது என்ற குறிப்பையும் ஓர் உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, வங்கி லாக்கரிலோ வீட்டுப் பத்திரங்களோடோ வையுங்கள். இடம் கணவருக்குத் தெரிந்தால் போதும். உறை, பென் டிரைவ் இருக்கும் பையில் மட்டும் இருக்கக் கூடாது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களில் (மின்னணுக் கையெழுத்து இடுவதற்கான, பென் டிரைவ் போன்ற சாதனங்களில்) பின் எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டிவைக்காத வரி அலுவலகம் வடசென்னையில் அபூர்வம். கையொப்பத்தின் திறவுகோலைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருப்பது உரியவரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சீட்டுகளையும் இன்றே கிழித்துவிடுங்கள்.

இன்னொன்று. பூட்டிய டிரைவ், பூட்டியிருக்கும்போதுதான் பாதுகாப்பு. ஜெராக்ஸ் கடையில் செருகிக் கடவுச்சொல் கொடுத்த நொடியிலிருந்து அந்தக் கணினிக்கு எல்லாம் திறந்த புத்தகம். உங்கள் கடவுச்சொல்லையும் அது பதிந்துகொள்ளலாம். அச்செடுக்க என்று ஒரு சாதாரண பென் டிரைவைத் தனியாக வைத்து, வேண்டிய பக்கத்தை மட்டும் அதில் கொண்டுபோங்கள்.

அதிகாரி கேட்டால்

குறியாக்கம் செய்வது குற்றமல்ல. தனிநபரோ வணிகரோ தம் கோப்புகளைப் பூட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இந்தியாவில் இல்லை. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் குறியாக்கக் கொள்கை வரைவில், பூட்டாத பிரதியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் உடனே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இது குற்றம் என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சமாக இருக்கலாம்.

ஆனால் சௌகார்பேட்டை நண்பரின் எண்ணத்தை மென்மையாக மறுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 67(4) பிரிவு, அணுக மறுத்தால் அலமாரியை உடைப்பதுபோல மின்னணுச் சாதனத்தையும் உடைத்துத் திறக்கும் அதிகாரத்தைச் சோதனை அதிகாரிக்குத் தருகிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், சோதனையின்போது மின்னணுக் கணக்குகளைப் பார்க்க வசதி செய்து தர மறுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று விதி இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்குரிய 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் கடவுச்சொல்லை மீறித் திறக்கும் அதிகாரத்தை வெளிப்படையாகவே சொல்கிறது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னவற்றுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு வரி ஆலோசகருக்குக் கிடையாது என்பதும் உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தெரிய வேண்டும். பத்துமுறை தவறாக அடித்தால் அழிந்துவிடும் டிரைவை அதிகாரி முன் வேண்டுமென்றே தவறாக அடிப்பது சாட்சியத்தை அழித்த குற்றமாகும்.

அதற்காகக் கேட்டவுடன் நீட்டிவிடவும் வேண்டாம். சோதனைக்கான எழுத்துபூர்வ அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். ஜிஎஸ்டியில் அதற்கு ஐஎன்எஸ்-01 என்ற படிவம் உண்டு. யாருடைய கணக்கைத் தேடுகிறார்கள் என்று அதில் பாருங்கள். ஒருவர் கணக்குக்காக வந்தவர்கள் மற்ற அறுபத்தொன்பது பேரின் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போகாமலிருக்க, வாடிக்கையாளருக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து வைத்திருப்பது அப்போது கைகொடுக்கும். அவர்கள் எடுத்துச் செல்பவற்றுக்குப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். கடவுச்சொல்லைத் தரும்படி குற்றம்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. உங்கள் மீதே வழக்கு என்றால் அப்போது வாய் திறக்கும் முன் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

விலகும் உதவியாளர், பழைய பென் டிரைவ்

உதவியாளர் விலகும் நாளில் பிட்லாக்கர் கடவுச்சொல்லை மாற்றலாம். கோப்புகளை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் கடவுச்சொல்லை மாற்றினாலும் பழைய மீட்பு எண் செல்லும். அதையும் அவர் பார்த்திருந்தால், டிரைவைத் திறந்து, பூட்டை முழுவதும் நீக்கி, புதிதாகப் பூட்டுங்கள். இனிமேல் ஆளுக்கு ஒரு டிரைவ், அவரவர் பார்க்கும் வாடிக்கையாளர்களின் கோப்பு மட்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே வராது. அவரைச் சந்தேகப்படுவதாகக் காட்டிக்கொள்ளாமல், எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லிச் செய்யுங்கள்.

தொலைந்து திரும்பிய பென் டிரைவை டெலீட் செய்து உறவுப் பையனுக்குப் பாட்டு ஏற்றிக்கொள்ளக் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். இந்த வகை நினைவகத்தில் அழித்த கோப்பும், அதன்மேல் வேறொன்றை எழுதிய பிறகும்கூட, ஏதாவது மூலையில் தங்கிவிடக்கூடும். காவல் நிலைய மனுவும் வாடிக்கையாளர்களுக்கான கடிதங்களும் முடியும்வரை அதை உறையில் வைத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மேலுறையைப் பிரித்து, உள்ளிருக்கும் கறுப்புச் சில்லைச் சுத்தியலால் உடைத்துவிடுங்கள்.